சிஏ (பட்டயக் கணக்காளர்) ஆகிவிட்டேன், ஆனால் கையெழுத்து வேறொருவருடையது

லயத்துப்பெண் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 30 வயது, ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பழக் குலை வெட்டியவர். அம்மா முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கப் போனார். நான் படிவம் 4 படிக்கும்போதுதான் லயத்து வீட்டை (தோட்டத்து வரிசை வீடு) காலி செய்துவிட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்தோம்.

ஏசிசிஏ என்ற பிரிட்டன் கணக்காளர் தேர்வு மொத்தம் 13 தாள். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று எனக்கு ஆறு வருடம் ஆனது. எஸ்பிஆர் என்ற நிதி அறிக்கைத் தாளை மட்டும் மூன்று முறை எழுதினேன். முதல் முறை 46, இரண்டாவது முறை 49. தேர்ச்சிக்கு 50 வேண்டும். அந்த 49 வந்த இரவு அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. தேர்வுக் கட்டணம், ஆண்டுச் சந்தா எல்லாம் பவுனில், நம் வெள்ளியின் (ரிங்கிட்) மதிப்பு இறங்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் மூன்று வருட வேலை அனுபவத்தைக் காட்டி, எம்ஐஏ-வில் (மலேசியக் கணக்காளர் கழகம்) விண்ணப்பித்து, இந்த வருடம்தான் பெயருக்குப் பின்னால் சிஏ என்று போட்டுக்கொள்ளும் உரிமை கிடைத்தது.

சான்றிதழ் வந்த அன்று அம்மா அதைச் சாமி மேடையில் வைத்துக் குங்குமம் வைத்தார். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அதிலிருந்த என் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இனிமே கணக்குல நீதான் கையெழுத்து போடுவியாம்மா?" இல்லைப்பா, கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்து போட நிதியமைச்சு தரும் உரிமம் தனியாக வேண்டும், அது என் முதலாளியிடம்தான் இருக்கிறது என்றேன். "அப்படியா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த ஆறு வருடமும் கோயிலிலும் ஒட்டுக்கடையிலும் "மகள் படிச்சு முடிச்சா அவ கையெழுத்துக்குத்தான் பேங்க்ல மதிப்பு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

ஈப்போவில் 11 பேர் உள்ள சின்ன ஆடிட் அலுவலகத்தில் வேலை. முதலாளி வாழ்த்து சொன்னார், சம்பளத்தில் 200 வெள்ளி ஏற்றினார். இப்போது 3,900. மறுநாள் காலை என் மேசைக்கு வந்தது அதே ஹார்ட்வேர் கடையின் வவுச்சர் பெட்டி. ஐந்து வருடமாக நான் பார்க்கும் பெட்டி, மூடியில் இருக்கும் கரப்பான்பூச்சி மருந்து வாடை வரை பழக்கம். பக்கத்து மேசையில் போன மாதம் சேர்ந்த டிப்ளோமா தங்கையும் அதே வேலையைத்தான் செய்கிறாள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை செம்மோர் வழியாக வீடு வந்து சேர இரவு பத்தாகிவிடும்.

கேஎல் போ, பினாங்கு போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அண்ணன் ஜோகூரில். வேலை நாட்களில் சித்தப்பா கூட்டிப் போகிறார், சனிக்கிழமை என் பொறுப்பு. நான் இந்த ஊரை விட்டுப் போக முடியாது.

எனக்கு மனநிறைவு தருவது ஒன்றே ஒன்றுதான். ஏப்ரல் 30-க்குள் பிஇ பாரம் (சம்பளக்காரர்களின் வருமானவரிப் படிவம்) அனுப்ப வேண்டும் என்பதால் சுற்றுவட்டாரத்து ஆட்கள் ராத்திரி எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். இபிஎப் (சேமநிதி) கணக்கு திறக்கவில்லை, முதலாளி சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டினாரா தெரியவில்லை என்றும் வருவார்கள். இந்த வருடம் இருபது பேருக்கு மேல் பார்த்துக் கொடுத்தேன். ரம்புத்தான் கொண்டு வருவார்கள், முறுக்கு கொண்டு வருவார்கள்.

நான் எதிர்பார்த்ததுதான் தப்பா? அலுவலகம் மாற வேண்டுமா, ஆடிட் உரிமத்துக்கு முயல வேண்டுமா, இல்லை இந்தத் துறையே எனக்கு வேண்டாமா? உண்மையான பதில் வேண்டும்.

*

தோட்டக்கணக்கு எழுதியது:

தங்கச்சி, எதிர்பார்த்தது தப்பில்லை, எதிர்பார்த்த இடம்தான் தப்பு. ஹார்ட்வேர் கடைக்காரர் கொடுக்கிற ஆடிட் கட்டணம், வவுச்சரை சிஏ பார்த்தாலும் அதேதான், டிப்ளோமா பிள்ளை பார்த்தாலும் அதேதான். அப்படியிருக்க உங்கள் முதலாளி எந்தப் பணத்திலிருந்து உங்களுக்கு ஏற்றிக் கொடுப்பார்? அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் தொழிலே சுருங்கிக்கொண்டு வருகிறது. சின்னத் தனியார் கம்பெனிகளுக்கு ஆடிட் விலக்கு வரம்பை ஏற்றிவிட்டார்கள். விற்றுமுதல், சொத்து, ஆள் எண்ணிக்கை இந்த மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருந்தால் ஆடிட் கட்டாயமில்லை. 2025-இல் தொடங்கும் நிதியாண்டுக்கு விற்றுமுதல், சொத்து ஒவ்வொன்றுக்கும் வரம்பு 1 மில்லியன் வெள்ளி, 10 ஆள். 2026-க்கு 2 மில்லியன், 20 ஆள். 2027-க்கு 3 மில்லியன், 30 ஆள். உங்கள் அலுவலகத்தின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், இன்னும் இரண்டு வருடத்தில் எத்தனை பெட்டி உங்கள் மேசைக்கு வரும் என்று தெரிந்துவிடும்.

நானும் அப்படி ஓர் அலுவலகத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டுத்தான் தோட்டக் கம்பெனிக்குள் வந்தேன். இங்கே சிஏ-வுக்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்கிறேன். எம்எப்ஆர்எஸ் என்ற மலேசிய நிதி அறிக்கைத் தரங்களில் செம்பனை மரம் 2016-லிருந்து 116-ஆம் தரத்துக்குள் வந்துவிட்டது, அதாவது கட்டடம், இயந்திரம் மாதிரி வருடா வருடம் தேய்மானம் எழுத வேண்டும். ஆனால் அதே மரத்தில் தொங்குகிற குலை 141-ஆம் தரத்தில் நிற்கிறது, அதை நிதியாண்டின் கடைசி நாளில் நியாய விலைக்கு மதிப்பிட வேண்டும். மரம் ஒரு தரத்தில், குலை இன்னொரு தரத்தில். இன்னும் வெட்டாத குலைக்கு எப்படி விலை போடுவது? குலையில் எண்ணெய் சேர்வது பழுக்கிற கடைசிச் சில வாரங்களில்தான். அப்படியானால் எத்தனை வாரக் குலையைக் கணக்கில் சேர்ப்பது? போன வருடம் எங்களிடம் வந்த ஆடிட் பிள்ளைகளுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, ஏனென்றால் அவர்களில் ஒருவர்கூட குலையைக் கையால் தொட்டதில்லை. உங்கள் வீட்டில் அதைப் பல வருடம் வெட்டியவர் இருக்கிறார்.

பேராக்கில் தோட்டமும் ஆலையும் நிறைய இருக்கின்றன, கேஎல் போகத் தேவையில்லை. எழுதிப் போடுங்கள்.

*

ஒன்பதாவது_தாள் எழுதியது:

அக்கா, நான் தெலுக் இந்தானிலிருந்து. ஒன்பது தாள் முடித்துவிட்டேன், இன்னும் நான்கு. நேற்று இதைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. பிடிபிடிஎன் கல்விக் கடனும் இருக்கிறது. இங்கேயே நிறுத்திவிட்டு வேறு எதற்காவது போவதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

*

பாலம்_தாண்டி எழுதியது:

சிங்கப்பூர் பற்றி யாராவது சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது சரிப்பட்டது, காசு உண்மையிலேயே வேறுதான். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வேலை அனுமதி) 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும், எனவே முதலாளிகள் எல்லோருக்கும் சுலபமாகக் கொடுத்துவிட மாட்டார்கள். காலை நாலரைக்கு மோட்டாரில் கிளம்பி, இரவு ஒன்பதுக்கு வந்து, பிள்ளை தூங்கிய பிறகு முகத்தைப் பார்க்கிற வாழ்க்கை இது. அப்பாவுக்கு டயாலிசிஸ் என்கிறீர்கள். வராதீர்கள். என் அப்பா போனபோது நான் எல்லைப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

*

பழைய கிராணி எழுதியது:

அம்மா, எனக்கு 76 வயது, பேரன் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான், படித்தேன். நான் 1970-இலிருந்து தோட்டத்தில் கிராணியாக (கணக்கு எழுதுபவர்) இருந்தவன். உங்களைப் போல் படிக்கவில்லை, சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும்தான்.

பால் நிறுக்கிற கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் வெட்டிவிட்டுப் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். நிறுத்த பிறகு, பாலைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து அதில் மெட்ரோலாக் கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவோம். எத்தனை கோடு வரைக்கும் முங்குகிறதோ அதை வைத்துத்தான் பாலில் எவ்வளவு ரப்பர் என்று கணக்கு. வெறும் எடையை நம்ப முடியாது, மழைத்தண்ணீர் விழுந்திருந்தாலும் எடை கூடும். அந்தக் கோட்டைப் பார்த்து நான் செக்ரோலில் (கூலிப் பதிவேடு) எழுதுகிற எண்தான் அந்த வீட்டின் அரிசி, பருப்பு, பள்ளிக்கூட உடுப்பு. ஒரு கோடு குறைத்து எழுதினால் யாருக்கும் தெரியாது. குழாயைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கொட்டகையில் நான் ஒருவன்தான். குறைத்து எழுதியவர்கள் இருந்தார்கள், எனக்குத் தெரியும், நானும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஒரு பெண் மட்டும் தினமும் குனிந்து குழாயைப் பார்ப்பாள். "எத்தனைன்னு சொல்லுங்க கிராணியாரே" என்பாள். இரண்டு மாதத்தில் அவளே படிக்கக் கற்றுக்கொண்டாள். அப்புறம் அவளுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் படித்துச் சொன்னாள். அந்த வரிசையில் அதற்குப் பிறகு யாரும் குறைத்து எழுதவில்லை.

உங்கள் வாசலுக்கு ராத்திரி வருகிறார்களே, முதலாளி சொக்சோ கட்டினானா என்று கேட்கிறார்களே, அவர்களை நினைத்துத்தான் இதை எழுதினேன். ஆனால் ரம்புத்தானுக்குச் செய்யாதீர்கள் அம்மா. காசு வாங்குங்கள். பத்து வெள்ளியானாலும் வாங்குங்கள். சும்மா செய்வதை நம் ஆட்கள் மதிக்க மாட்டார்கள், நீங்களும் களைத்துவிடுவீர்கள்.

*

தோட்டக்கணக்கு எழுதியது:

ஐயா, கொட்டகைக் கதையை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும், தங்கச்சி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு வரிப் பாரம் செய்து கொடுக்க வரி முகவர் உரிமம் வேண்டும், 1967 வருமானவரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவு. சிஏ என்று போர்டு மாட்டிப் பொதுமக்களுக்குக் கணக்கு வேலை செய்ய எம்ஐஏ-வின் பிராக்டிசிங் (தொழில் நடத்தும்) சான்றிதழும் வேண்டும். இப்போது செய்கிறபடி இனாமாகச் செய்யுங்கள், ஆனால் அந்த இரண்டையும் குறி வையுங்கள். இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) 2024 ஆகஸ்டில் ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியனுக்கு மேலே உள்ளவர்களிடம் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் லோரி வைத்திருப்பவர், குத்தகைக்கு ஆள் வைத்துக் குலை வெட்டுபவர், இவர்களுக்கெல்லாம் தமிழில் உட்கார வைத்து விளக்க ஆள் இல்லை. ஆடிட் உரிமத்தைவிட எனக்கு அதுதான் உங்கள் வழியாகத் தெரிகிறது. வேண்டுமானால் தோட்டக் கம்பெனியில் நான்கைந்து வருடம் இருந்துவிட்டு அதற்கு வாருங்கள்.

*

லயத்துப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒருவர் விடாமல் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

ஒன்பதாவது தாள் தங்கைக்கு: நிறுத்தாதே. நான் புலம்பியது படித்ததற்காக இல்லை. ஒன்பதோடு நின்றால் அந்த ஒன்பதுக்கும் யாரும் பெரிதாக ஒன்றும் தர மாட்டார்கள். எஸ்பிஆர்-க்கு நான் போட்ட குறிப்புகள் நான்கு நோட்டு இருக்கின்றன, முகவரியைத் தனியாக அனுப்பு, போஸ்ட்டில் அனுப்பிவிடுகிறேன். ஆனால் இப்போதே வேலை தேடும்போது முதலாளியின் வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டுக்கொள், நான் கேட்கவில்லை.

பாலம் தாண்டி அண்ணாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் கடைசி வரியை அம்மாவிடம் சொன்னேன்.

தோட்டக்கணக்கு அண்ணா, வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2027-இல் பாதிக்குப் பாதி போய்விடும். முதலாளியும் இதை யோசித்திருப்பார், என்னிடம் சொல்லவில்லை.

நேற்று சனிக்கிழமை, டயாலிசிஸ் மையத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பதற்குக் கேட்டுப் பார்ப்போம் என்று, குலை வெட்டலாம் என்று எப்படிப்பா தெரியும் என்றேன். ஊசி குத்தாத கையைத் தூக்கிக் காட்டிக் காட்டிப் பேசினார். கறுப்பாக இருக்கும் குலை செம்மஞ்சளாக மாறுமாம், ஆனால் உயர மரத்தில் நிறத்தை நம்பக் கூடாது, வெயில் கண்ணைக் கூசும். மரத்தடியைத்தான் பார்க்க வேண்டும். உதிரிப் பழம் விழுந்திருந்தால்தான் அரிவாளைத் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் வெட்டினால் எடை இருக்கும், எண்ணெய் இருக்காது, மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) குலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அட்டையில் குறைத்துவிடுவார். மழைக் காலத்தில் எப்படி, வெயில் வருடத்துக்குப் பிறகு குலை எப்படிக் குறையும், எந்த மேட்டில் முதலில் பழுக்கும் என்று நான்கு மணி நேரமும் பேசினார். நர்ஸ் வந்து மெஷினை நிறுத்தும்போதுகூட முடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அவர் சொன்னதையெல்லாம் கைப்பேசியில் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணா, தோட்டக் கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதும்போது அப்பா குலை வெட்டியவர் என்பதை எழுதலாமா? எழுதினால் எந்த இடத்தில் எழுதுவது?