பொருள்: டெட்ராமர் – ‘நாற்படி’யா, ‘நாற்பிடி’யா?

அன்புடையீர், வணக்கம். குறிப்பிட்ட டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை) எண்ண உதவும் டெட்ராமர் என்ற ரீஏஜென்டுக்கு (ஆய்வக வினைப்பொருளுக்கு) நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதுபற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> டைமர் (dimer) இருபடி, பாலிமர் பலபடி. அந்த வரிசையில் டெட்ராமர் நாற்படிதானே?

வேதியியலுக்குச் சரி, ஐயா. நாம் தேடுவது ஆய்வகத்துக்குக் குப்பியில் வந்து சேரும் ஒரு ரீஏஜென்டுக்கான பெயர். நாலு உறுப்பு உண்டு என்பதோடு ‘நாற்படி’ நின்றுவிடுகிறது. அந்த நாலும் எதற்கு என்பதல்லவா இங்கே முக்கியம்!

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. 16 வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் இ-7 புரதத்தில் 11 முதல் 19 வரையுள்ள அமினோ அமிலங்கள் ஒரு சிறு துணுக்கு. அந்தத் துணுக்கை ஹெச்.எல்.ஏ. மூலக்கூறில் (துணுக்கை ஏந்தி டி செல்லுக்குக் காட்டும் புரதம் இது, ஆளுக்கு ஆள் வகை மாறும்) பொருத்தி, வாலில் பயோட்டின் என்ற வைட்டமினை ஒட்டுகிறார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் பயோட்டினுக்கு நாலு இடம். எனவே நாலு மூலக்கூறு வந்து கோத்துக்கொள்ளும். கூடவே ஓர் ஒளிரும் சாயம். அந்தத் துணுக்கை அடையாளம் காணும் டி செல் எதுவோ அதில் மட்டும் போய் ஒட்டும், செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் எண்ணிவிடலாம்.

ஒற்றை மூலக்கூறு ஒட்டினால் சில நொடிகளில் கழன்றுவிடும். நாலில் ஒன்று விட்டாலும் மற்றவை பிடித்திருக்கும். 1996-இல் ஜான் ஆல்ட்மனும் மார்க் டேவிஸ் குழுவினரும் டெட்ராமரைச் செய்து காட்டியதன் உயிர்நாடி இந்தப் பிடிப்புதான். அதனால்தான் ‘நாற்பிடி’ என்கிறேன்.

> ‘செல் தூண்டில்’ இன்னும் அழகு.

அழகுதான், ஆனால் வேண்டாம். நோயெதிர்ப்பியலில் தூண்டல் என்பது தனி வேலை. எலிஸ்பாட் சோதனையில் டி செல்லைத் தூண்டிவிட்டு, அது சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைப் பார்க்கிறோம். டெட்ராமர் செல்லின் அடையாளத்தைக் காட்டும். அந்தச் செல் வேலை செய்கிறதா என்று சொல்லாது. இந்த வேறுபாட்டைக் குழப்பும் சொல் மாணவரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

பிடி என்றால் பெண் யானையும் ஆகுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகும், ஆனால் ‘நால்’ முன்னால் நிற்கும்போது, அதுவும் ஆய்வகத்தில், யாருக்கும் யானை தோன்றாது. கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய எங்கள் சித்தூர் வட்டத்துப் பிள்ளைகள் தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டு, மலையாளம் பேசும் ஆய்வகங்களுக்குள் போகிறார்கள். மலையாளத்திலும் பிடி பிடிதான். எல்லையின் இருபுறமும் விளக்கமின்றிச் செல்லும் சொல் கிடைப்பது அரிது, அதை விடக் கூடாது.

இன்னொன்று: பெயரோடு ஹெச்.எல்.ஏ. வகையையும் சேர்த்தே எழுத வேண்டும் – ‘ஏ 02:01 – இ-7 நாற்பிடி’ என்று. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐரோப்பியரிடம் மிகுதியாக உள்ள 02:01-க்குச் செய்த குப்பியை, ஏ 11:01 அல்லது ஏ 24:02 மட்டும் உள்ள நம் ஊர்ப் பெண்ணின் இரத்தத்தில் போட்டால் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்து ‘இவருக்கு எதிர்ப்புச் செல்லே இல்லை’ என்று எழுதிவிட்டால் எவ்வளவு பெரிய பிழை!

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

ஐயா, நாற்பிடிக்கு என் வாக்கு. ஆனால் டெக்ஸ்ட்ரான் சங்கிலியில் இதே மூலக்கூறுகளைக் கோத்த டெக்ஸ்ட்ராமரில் நாலுக்கு மேலும் இருக்குமே? பொதுப்பெயராகப் ‘பலபிடி’யை வைத்து, அதில் ஒரு வகையாக நாற்பிடியைப் பதியலாமா?

*

பதியலாம் அம்மா. ‘பற்பிடி’ என்று மட்டும் சேர்த்து எழுத வேண்டாம், பல் மருத்துவத்துக்குப் போய்விடும். பலபிடி என்றே இருக்கட்டும்.