மறுமொழி: ஈஸ்டைப் ‘பிட்ச்’ செய்வதற்குத் தமிழ்ச்சொல் – ‘உறையிடுதல்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

முதன்முறை வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கான கையேட்டுச் சொற்களில் ‘பிட்ச்’ மட்டும்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை ஆறவைத்து, அதை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டை அதில் இடுவதுதான் ‘பிட்ச்’. அதற்கு ‘உறையிடுதல்’ என்பது என் பரிந்துரை. இழையில் வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> ‘ஈஸ்ட் சேர்த்தல்’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியுமே. புதுச்சொல் எதற்கு?

புரியும்தான் ஐயா. ஆனால் அந்தக் கையேட்டில் ‘சேர்த்தல்’ எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள். கொதிக்கும்போது ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்க்கிறோம். பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை சேர்க்கிறோம். கொதித்து வற்றினால் தண்ணீர் சேர்க்கிறோம். இவற்றோடு ஈஸ்டையும் ‘சேர்க்க’ச் சொன்னால், புதிதாகத் தொடங்குபவர் அதையும் இன்னொரு சரக்காகத்தான் நினைப்பார். ஈஸ்ட் உயிருள்ளது. எந்தச் சூட்டில் இடுகிறோம், எவ்வளவு இடுகிறோம், இடும்போது அது உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றும் முதல் காய்ச்சலின் தலையெழுத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஹாப்ஸ் அளவு கொஞ்சம் கூடினால் கசப்பு கூடும், அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க ஈஸ்டைக் கொட்டினால் அது செத்துப்போகும், பீரே கிடைக்காது.

ஆங்கிலச் சொல்லுக்கு வீசுவது, எறிவது என்று பொருள். மேலே சொன்ன எதுவும் அதில் இல்லை. தமிழில் அந்த அறிவு முழுவதும் ஒரு வினையிலேயே இருக்கிறது: பாலுக்கு உறை ஊற்றுவது. காய்ச்ச வேண்டும், ஆற வேண்டும், சூடு பதமாக இருக்கும்போது உயிருள்ள சிறு துளியை இட வேண்டும், பிறகு கலக்காமல் மூடி வைக்க வேண்டும். உறை ஊற்றத் தெரிந்த எவருக்கும் கொதிக்கும் பாலில் ஊற்றக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘உறையிடுதல்’ என்றால் அந்தப் புரிதல் சொல்லோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

சொல் பழையதா என்று கேட்டிருந்தீர்கள். புறநானூறு 276ஆம் பாட்டில் ஆய்மகள் நகத்தால் தெறித்த ‘சில்லுறை’ ஒரு குடம் பாலையும் மாற்றுகிறது. தனி ஒருவன் பகைப்படைக்கே நோயாகிறான் என்பதற்கு அங்கே அது உவமை. இதைவிடப் பழைய சான்று வேண்டுமென்றால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

> பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘உறைதல்’ என்றால் தண்ணீர் பனிக்கட்டி ஆவது. பீர் கட்டியாகிவிடும் என்று நினைக்க மாட்டார்களா?

நியாயமான கேள்வி, அம்மா. லாகர் வகையை (குளிர்ச்சியில் நொதிக்கும் பீர்) குளிரில் வைப்பது பற்றிய பக்கத்தில் ‘உறைநிலை’ என்ற சொல்லும் வரப்போகிறது. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். எப்போதும் ‘உறையிடு’ என்ற முழு வினைதான். ‘உறைந்தது’, ‘உறைய விடவும்’ போன்றவற்றை இந்தப் பொருளில் எங்கும் எழுத வேண்டாம்.

> ‘ஈஸ்ட் விதைத்தல்’ எப்படி?

அழகான சொல்தான் தம்பி. ஆனால் இந்தத் தொழிலில் விதை ஏற்கெனவே இருக்கிறது. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால்தான் மால்ட். முதல் பக்கத்தில் முளைக்கும் விதை, நான்காம் பக்கத்தில் விதைக்கும் ஈஸ்ட் என்றால் குழப்பம்தான் வரும்.

> பாலுக்கு இடுவது பாக்டீரியா. பீருக்கு இடுவது பூஞ்சை. யாராவது தயிரையே ஊற்றிவிடப் போகிறார்கள்!

சிரித்துவிட்டேன். ஆனால் விளையாட்டில்லை. பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் உறவுக்காரர்கள்தான் பெரும்பாலான பீருக்கு எதிரி. அவை புகுந்தால் பீர் புளிக்கும். ஹாப்ஸின் கசப்புச் சத்து அவற்றைப் பெருமளவு அடக்கிவைக்கும். ஆனாலும் முழுக்க நம்ப முடியாது. எனவே சொல்விளக்கத்தில் ‘இங்கே உறை என்பது ஈஸ்ட் மட்டும்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். மற்றபடி, முன்பு காய்ச்சியதிலிருந்து எடுத்து அடுத்ததற்கு இடும் வழக்கம் பீரிலும் உண்டு. 1516ஆம் ஆண்டு பவேரியச் சட்டம் பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றைத்தான் சொன்னது, ஈஸ்ட் அதில் இல்லவே இல்லை. தூய ஒற்றை ஈஸ்ட் வகையைப் பிரித்து வளர்த்து பீருக்குப் பயன்படுத்தியது 1883இல், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதிலிருந்து வேறு சொற்கள் பிறக்கின்றனவா என்று பார்ப்பேன். இது பிறக்கிறது. உறையிடு வெப்பநிலை: ஏல் வகைக்கு (லாகரைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் நொதிக்கும் பீர்) ஏறத்தாழ 18 முதல் 22 டிகிரி செல்சியஸ், லாகருக்கு 8 முதல் 13. உறையளவு: ஏல் வகைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளேட்டோ (சாற்றின் சர்க்கரைச் செறிவை அளக்கும் அலகு) அடர்வுக்கு சுமார் 7.5 இலட்சம் ஈஸ்ட் செல்கள் என்பது காய்ச்சுபவர்களின் பொதுக்கணக்கு. தொடக்கக்காரருக்கு இந்தக் கணக்கு வேண்டாம், 20 லிட்டருக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று போதும். ஒரு காய்ச்சலின் அடியில் தங்கிய ஈஸ்டை எடுத்து மீண்டும் இடுவது மறுவுறை. முன்கூட்டியே சிறிதளவு சாற்றில் ஈஸ்டைப் பெருக்கி வைப்பது முன்னுறை. ‘சேர்த்தல்’ இப்படிக் கிளைக்காது.

அடுத்தது ‘வோர்ட்’, அதாவது ஈஸ்ட் இடுவதற்கு முந்திய அந்த இனிப்புச் சாறு. இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ‘மால்ட் சாறு’ போதும். ‘ஊறல்’ என்று ஒருவர் முன்வைத்தார். அந்தச் சொல்லில் நொதித்துக்கொண்டிருக்கும் கலவை என்ற பொருள் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. ‘தேறல்’ தெளிந்த மது. இரண்டுமே ஈஸ்ட் இட்ட பிறகான நிலை. நமக்கு வேண்டியது அதற்கு முந்தியது.

உண்மையில் எனக்குப் பயமாக இருப்பது வேறொரு இடம். யாரும் அதைத் தொடவில்லை. அரைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரிச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் வைக்கும்போது அமைலேஸ்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் இவை ‘நொதிகள்’. ஈஸ்ட் செய்வது ‘நொதித்தல்’. ‘நொதிகள் வேலை செய்யட்டும்’ என்று படிப்பவர் அங்கேயே பீர் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தால் குற்றம் அவருடையதல்ல. இலங்கைப் பாடநூல்கள் ‘நொதியம்’ என்கின்றன. அதையே எடுத்துக்கொண்டால் ‘நொதியம்’, ‘நொதித்தல்’ என்று கொஞ்சமாவது விலகி நிற்கும். அவர்களுடைய ‘மதுவம்’ ஈஸ்டுக்கு எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் கடைப் பொட்டலத்தைத் தேடுபவருக்கு ‘ஈஸ்ட்’ என்றால்தான் உதவும், ஆகவே அதை அப்படியே விடுகிறேன். ‘புளித்தல்’ என்றும் எழுத வேண்டாம், புளித்த பீர் இங்கே பழுது.

சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்:

“ஒரு மணி நேரம் கொதித்த மால்ட் சாற்றைக் குளிர்நீர்த் தொட்டியில் வைத்து விரைவாக 20 டிகிரிக்கு ஆற்றுங்கள். இனி சாற்றில் படும் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் நனைத்திருக்க வேண்டும். உறையிடும் முன் திரவமானியில் ஒப்படர்த்தியை (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) குறித்துக்கொள்ளுங்கள். சாற்றை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி உறையிடுங்கள். அதன் பிறகு காற்றுப் படக் கூடாது. ஒரு நாளைக்குள் மேலே நுரை கட்டும். 28 டிகிரிக்குச் சற்று மேல் ஏறினால் ஈஸ்ட் சாகாது, ஆனால் எரியும் சாராய நெடி வரலாம். தொடக்க ஒப்படர்த்தி 1.048, முடிவில் 1.010 என்றால் வேறுபாட்டை 131.25ஆல் பெருக்குங்கள்: ஆல்கஹால் ஏறத்தாழ 5 விழுக்காடு.”

எனக்கு எங்கும் தடுக்கவில்லை. உங்களுக்கு எங்கே தடுக்கிறது?

அப்புறம், வீட்டில் காய்ச்சுவதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும், எனவே முதல் பக்கத்திலேயே ‘உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று போட வேண்டும்.

இன்னொன்று மீதி. பாட்டிலில் வாயு உண்டாக லிட்டருக்கு சுமார் 6 கிராம் சர்க்கரை இடுகிறோம் அல்லவா, அதற்கு ‘இரண்டாம் உறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரியில்லை, அங்கே இடுவது உயிரில்லை, தீனி. அளவு மிஞ்சினாலோ, நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும் இடமும் அதுதான், எனவே மயக்கம் தரும் சொல் ஆகாது. வேறு நல்ல சொல் வரும்வரை ‘பாட்டில் சர்க்கரை’ என்றே எழுதிவைக்கிறேன்.