கமரா எழுந்தது முற்றத்திலிருந்தா, வீதியிலிருந்தா?

உவர்மலையான்:
ஓய்வூதிய ஆசான் அவர்கள் வெள்ளிக்கிழமை நமது திரைப்பட வட்டத்தில் இங்கே எழுதிய குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 2025 மார்ச் மாதத்தில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான, சக மாணவியைக் கொன்றதாக ஒரு சிறுவன் குற்றஞ்சாட்டப்படும் ‘அடோலசென்ஸ்’ என்ற பிரித்தானியத் தொடரின் இரண்டாம் பகுதியைப் பற்றி அவர் சொன்னது இதுதான்: அந்தப் பாடசாலை முற்றம் சிறை முற்றத்தின் குறியீடு, இறுதியில் கமரா முற்றத்திலிருந்து வானத்துக்கு எழுவது, உண்மை அந்தச் சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறுவதைக் காட்டுகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கமரா முற்றத்திலிருந்து எழவேயில்லை. கொலையுண்ட கேட்டியின் தோழி ஜேட் பாடசாலையை விட்டு வெளியேறுகிறாள், கமரா அவள் பின்னால் செல்கிறது, வீதிக்கு வந்த பிறகுதான் அது மேலே எழுந்து, வீட்டுக் கூரைகளைக் கடந்து, கொலை நடந்த வாகனத் தரிப்பிடத்தில் இறங்கி, குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனின் தந்தை மலர் வைப்பதைக் காட்டுகிறது. நடக்காத ஒன்றை அத்திவாரமாகப் போட்டு மாடி வீடு கட்ட ஆசான் அவர்களால் மட்டுமே முடியும்.

ஓய்வூதிய ஆசான்:
தம்பி, முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடசாலை முற்றங்களில் நின்று மணியடித்தவனுக்கு முற்றம் எது, வீதி எது என்று நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விசாரணைக்கு வரும் பொலிஸ் அதிகாரி பாஸ்கோம்பே அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் எதையும் கற்பதாகத் தெரியவில்லை, பிள்ளைகளை அடைத்து வைத்திருக்கும் பட்டி போலத்தான் இருக்கிறது என்று சினந்து சொல்கிறார். இதற்கு மேலும் ஒரு சான்று வேண்டுமா? தீ எச்சரிக்கை மணி அடித்ததும் பிள்ளைகள் அனைவரும் வெளியே கொண்டுவரப்பட்டு நிறுத்தப்படுகிறார்கள்; எல்லோருடைய கண்முன்னே ஜேட், குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனின் நண்பன் ரயனைத் தாக்குகிறாள். சிறைக் கைதிகளைக் கணக்கெடுக்கும் காட்சி வேறு எப்படி இருக்கும்? கமரா அந்த முற்றத்திலிருந்துதான் எழுகிறது. நான் பார்த்தேன்.

உவர்மலையான்:
ஆசான் பார்த்தது எதை என்று தெரியவில்லை, நான் நான்கு தடவை பார்த்தேன். நான்கு தடவையும் கமரா வீதியிலிருந்துதான் எழுந்தது. ஒரு பகுதி முழுவதும் ஒரே எடுப்பாக, வெட்டே இல்லாமல் எடுக்கப்பட்ட தொடரில், கமரா எந்த இடத்தில் நின்றது என்பது சில்லறை விடயமல்ல. ஒளிப்பதிவாளர் மெத்யூ லூயிஸும் அவருடைய உதவியாளர்களும் கையில் பிடித்திருந்த கமராவை, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரோனில் கொளுவி அனுப்பி, ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் பறக்கவிட்டு, மறுமுனையில் இன்னொருவர் கையில் பிடித்துக் கழற்றி, நடந்துகொண்டே நடிகரின் முகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாம் பார்ப்பது அந்தப் பகுதியின் 13 ஆம் எடுப்பு. இத்தனை பாடுபட்டவர்கள் எழும் இடத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டா தேர்ந்தெடுத்திருப்பார்கள்? அவர்கள் முற்றத்தைத் தவிர்த்தார்கள், ஏனென்றால் முற்றத்தில் ஒன்றுமே இல்லை. அதிகாரி கத்தியைத் தேடி வருகிறார், காரணத்தைத் தேடி வருகிறார். அத்தனை நூறு பிள்ளைகளும் அவர் கண்முன்னே நிற்கிறார்கள். ஒருவராலும் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. காரணம் கைத்தொலைபேசிக்குள் கிடக்கிறது. இன்ஸ்டகிராமில் இடப்பட்ட இமோஜிச் சிறு படங்களின் பொருளை அவருடைய மகன் ஆடம்தான் தனியே கூட்டிச்சென்று தந்தைக்குப் படிப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த முற்றம், பெரியவர்கள் பார்க்க வேண்டிய இடம் என்று நம்பிக்கொண்டு பார்க்கும் வெறும் இடம். அதைச் சிறை என்று சொன்னால், அதற்குள் ஏதோ அடைபட்டிருக்கிறது என்று பொருளாகிவிடும்.

மூதூர்க்காரன்:
நீங்கள் இருவரும் முற்றத்தை எடுத்தவுடன் சிறை என்றும் வெறுமை என்றும் பேசுகிறீர்கள். 2006 ஆகஸ்டில் போரினால் எங்கள் ஊரை விட்டு நடந்து கந்தளாய்க்கு வந்தபோது, எனக்கு முற்றம் என்றால் உம்மா பாய் விரித்த இடம். குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்ததும், சோற்றுப் பொதிக்குப் பெயர் கூப்பிட்டதும், இரவில் குழந்தைகள் அழுததும் ஒரு பாடசாலை முற்றத்தில்தான். இந்தத் தொடரில் முற்றம் எவரையும் காக்காமல் போகிறது என்பதுதான் என்னை உறுத்தியது. குறியீடு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் இருவரும் சொன்னால், நானும் புரிந்துகொண்டு பேசலாம்.

உவர்மலையான்:
மூதூர்க்காரன் அவர்களின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் கேள்வி கமரா எங்கிருந்து எழுந்தது என்பது.

ஓய்வூதிய ஆசான்:
முற்றத்திலிருந்து.

நிலாவெளி வாசகி:
நான் இப்போதும் கற்பிப்பவள், ஆகையால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பாடசாலையில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதை இரும்புக் கம்பியால் அடிக்கும் பிள்ளைக்கு அன்றைய நாள் முழுவதும் ஒரு பெருமை இருக்கும். இடைவேளையில் மான் ஒன்று மதிலோரமாக உள்ளே வந்து, பிள்ளைகள் வீசிய இடியப்பத் தாளை நக்கிக்கொண்டு நிற்கும். சென்ற தவணையில் இரண்டு ஆண் பிள்ளைகள் அந்த மானுக்குப் பக்கத்தில்தான் ஒருவனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போனதும் கையிலிருந்த தொலைபேசி காற்சட்டைப் பைக்குள் போய்விட்டது. மூவரும் என்னைப் பார்த்து, “ஒன்றுமில்லை ரீச்சர், மான் பார்க்கிறோம்” என்றார்கள். ஜேட் ரயனை அடிக்கும் காட்சி எனக்கு அந்த நாளைத்தான் நினைவூட்டியது. அவள் அடித்த பிறகுதான் ஆசிரியர்கள் ஓடி வருகிறார்கள். அதுவரை அந்த இடத்தில் நடந்ததெல்லாம் அவர்கள் கண்ணுக்கு மான் பார்ப்பதாகவே இருந்திருக்கும். இதற்குச் சிறை என்ற சொல்லும் பொருந்தவில்லை, வெறுமை என்ற சொல்லும் பொருந்தவில்லை.

ஓய்வூதிய ஆசான்:
ரீச்சர் சொன்னது என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. காவலர் பார்க்கும்போது கைதிகள் அப்படித்தான் நிற்பார்கள்.

உவர்மலையான்:
இல்லை, என் கட்சிக்கு. ரீச்சருக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லைதானே! ஆசான் அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் சிறையாகத்தான் தெரியும். அவருடைய காலத்தில் காலைக்கூட்டத்தில் வரிசை ஒரு சாண் பிசகினால் பிரம்பு எடுத்தவர் என்பதை இங்கே பலர் மறந்திருக்கலாம், என் முழங்கால் மறக்கவில்லை.

ஓய்வூதிய ஆசான்:
அந்தப் பிரம்பினால்தான் உங்களுக்கு இன்று ஒரு நீண்ட வசனத்தைப் பிழையின்றி முடிக்கத் தெரிகிறது. ஒற்றுப்பிழை இன்னும் திருந்தவில்லை, அது என் குறை. விடயத்துக்கு வருவோம். ரயன் வகுப்பறை ஜன்னலால் பாய்ந்து ஓடுகிறான், அதிகாரியும் அதே ஜன்னலால் பாய்ந்து துரத்துகிறார். சிறையிலிருந்து தப்புவதற்கு இதைவிட வெளிப்படையான படிமம் உண்டா? கொலை செய்த நண்பனுக்குத் தன் கத்தியைக் கொடுத்தவன் ரயன் என்ற உண்மை அவனைப் பிடித்த பிறகே வெளிவருகிறது.

உவர்மலையான்:
அவன் பிடிபட்ட இடம் எது என்று ஆசான் அவர்கள் சொல்லாமல் நழுவுகிறார். வெளியே! பாடசாலைக்கு வெளியே! உண்மை வெளிவருவதும் வெளியே, கமரா எழுவதும் வெளியே. முற்றத்திலிருந்து எழுந்தது என்ற ஒரு பிழையை ஒப்புக்கொள்ள ஒருவருக்கு இத்தனை வசனம் தேவைப்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நமது வட்டத்தில் திரையிட்ட படத்திலும் இதே கதைதான்; மழை பெய்யாத காட்சியில் மழையைக் கண்டு, அதற்கு விளக்கவுரையும் எழுதினார்.

ஓய்வூதிய ஆசான்:
மழை பெய்தது.

நிலாவெளி வாசகி:
மலர் வைக்கும் இடத்தைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லையே. கொலை நடந்த தரையில் ஒருவர் வந்து மலர் வைத்துவிட்டு நிற்பதைப் பார்க்கும் திருகோணமலைக்காரருக்குக் கடற்கரையில் உள்ள காந்தி சிலையடி நினைவுக்கு வராமல் போகுமா? 2006 ஜனவரி 2 ஆம் திகதி அங்கே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் படித்த முற்றங்களில் இப்போதும் மணி அடிக்கிறது. அந்தக் கமரா பாடசாலையையும் கொலைக்களத்தையும் வெட்டில்லாமல் ஒரே கோட்டில் இணைக்கிறது. எங்கிருந்து எழுந்தது என்பதைவிட, நடுவில் ஒரு வெட்டும் விழவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பின்னணியில் பாடசாலைப் பிள்ளைகளின் குரல்களும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டீர்களா?

மூதூர்க்காரன்:
ரீச்சர் சொன்னதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை. குறியீடு என்றால் என்ன என்ற என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

உவர்மலையான்:
காந்தி சிலையடியைப் பற்றி நான் இங்கே வாதாட மாட்டேன், அதற்கு இது இடமல்ல. ஆனால் ரீச்சர் சொல்லும் அந்தக் கோடு எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்று கேட்பதில் என்ன தவறு? கோடு முற்றத்தில் தொடங்கினால் பாடசாலையே கொலைக்குப் பொறுப்பு என்று ஆகிவிடும். வீதியில் தொடங்கினால், துயரத்தோடு தனியே வீட்டுக்கு நடக்கும் ஒரு சிறுமியிடமிருந்து அது தொடங்குகிறது. எழுதிய ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் ஒரே ஒருவரைக் கைகாட்டிவிட்டுப் போகும் கதையையா எழுதினார்கள்? குடும்பம், பாடசாலை, தொலைபேசி என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் கதையில், ஒரு முற்றத்தை மட்டும் பிடித்துச் சிறையாக்குவது சோம்பேறித்தனமான வாசிப்பு. இதை ஐந்தாம் முறை சொல்கிறேன்: கமரா வீதியிலிருந்து எழுந்தது.

ஓய்வூதிய ஆசான்:
ஆறாம் முறையும் சொல்லுங்கள், கேட்கிறேன். பாடசாலை மதிலை ஒட்டிய வீதியும் முற்றத்தின் நீட்சிதான்.

உவர்மலையான்:
ஆகா! வெள்ளிக்கிழமை முற்றமாக இருந்தது, இன்று மதிலை ஒட்டிய வீதியாகிவிட்டது. நாளை வாகனத் தரிப்பிடமும் முற்றத்தின் நீட்சியாகிவிடும். ஆசான் அவர்கள் பின்வாங்கியதை அனைவரும் கவனிக்கவும்.

ஓய்வூதிய ஆசான்:
ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. நாளை மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள், மருமகனின் பெரிய தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கலாம். ரீச்சரையும் மூதூர்த் தம்பியையும் சாட்சிக்கு அழைக்கிறேன். பிளேன்ரீ உண்டு, பிரம்பு இல்லை.

உவர்மலையான்:
வருகிறேன். ஆனால் ரிமோட் என் கையில்தான் இருக்கும். சரியான இடத்தில் நிறுத்துவதற்கு உங்களை நம்ப முடியாது.

ஓய்வூதிய ஆசான்:
என் வீட்டில் ரிமோட் என் கையில்தான் இருக்கும்.

மூதூர்க்காரன்:
எனக்கு நாளை ஐந்து மணிக்குக் கடைசி பஸ்.