அஜந்தா, எல்லோரா: ஞாயிறு முதல் செவ்வாய் வரை எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
ஞாயிறு மதியம் அவுரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) போய்ச் சேர்கிறோம். செவ்வாய் இரவு ஜல்காவில் ரயில். திங்கள் அஜந்தா, செவ்வாய் எல்லோரா என்று போட்டிருக்கிறோம். தௌலதாபாத் கோட்டையையும் எங்காவது சேர்க்க வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. எதை விட்டால் பரவாயில்லை?

பதில் 1:
முதலில் அந்த இரண்டு நாளையும் மாற்றிப் போடுங்கள். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இப்போதுள்ள திட்டப்படி போனால் இரண்டு இடத்திலும் பூட்டிய கேட்டைத்தான் பார்ப்பீர்கள்.

மாற்றினால் இன்னொரு லாபமும் உண்டு. அஜந்தாவிலிருந்து ஜல்காவ் சுமார் 60 கி.மீ.தான். பெட்டிகளை வண்டியிலேயே வைத்துக்கொண்டு கிளம்பினால், குகைகளை முடித்து அப்படியே ரயிலேறலாம். 100 கி.மீ. திரும்பி வரும் வேலை மிச்சம்.

ஞாயிறு மாலைக்கு ஊருக்குள்ளேயே இருக்கும் பீபி கா மக்பரா (முகலாயர் காலக் கல்லறை மாளிகை) போதும். திங்களன்று தௌலதாபாத், எல்லோரா இரண்டும் ஒரே சாலையில், ஊரிலிருந்து முறையே 15, 30 கி.மீ. கோட்டையைக் காலையிலேயே ஏறிவிடுங்கள். எல்லோராக் குகைகள் மேற்கு பார்த்தவை. காலையில் கைலாசநாதர் கோயிலின் முகப்பு மலை நிழலில் கிடக்கும். பிற்பகலில்தான் வெயில் நேரே விழுந்து சிற்பங்கள் எழுந்து நிற்கும். அதனால் வடகோடியில் இருக்கும் சமணக் குகைகளில் (30 முதல் 34) தொடங்கி, 12, 10-ஆம் குகைகளைப் பார்த்துவிட்டு, கைலாசநாதர் கோயிலான 16-ஐக் கடைசியில் வையுங்கள். 10-ல் நிமிர்ந்து பாருங்கள்: மரக்கூரையின் வளைந்த கைமரங்களை அப்படியே கல்லில் செதுக்கியிருப்பார்கள்.

பதில் 2:
கோட்டை பற்றி மட்டும். அம்மா கோட்டைக்குள் இருக்கும் சாந்த் மினார் என்ற உயரமான கோபுரம் வரை வரலாம். அதுவரை பெரிய ஏற்றம் இல்லை. அதற்கு மேல் உச்சிவரை 700-க்கும் அதிகமான படிகள், உயரமும் ஒழுங்கில்லாதவை. அகழியைத் தாண்டியதும் 'அந்தேரி' என்ற இருட்டுச் சுரங்கப் பாதை வரும். எதிரியைத் திசை தப்ப வைக்கவே வளைத்து வளைத்துக் குடைந்தது. வௌவால் எச்சத்தில் படி வழுக்கும். டார்ச்சும் பிடிமானமுள்ள காலணியும் கட்டாயம். செருப்போடு ஏறாதீர்கள்.

பதில் 3:
அஜந்தாவுக்குக் காலை 6 மணிக்கே கிளம்புங்கள். ஃபர்தாபூர் அருகே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து சுமார் 4 கி.மீ. குகைக்கென்றே ஓடும் பஸ்தான். குகைக்கு ஏறும் படிகளுக்கு அம்மாவுக்கு டோலி (ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலி) கிடைக்கும். கூலியை ஏறுமுன், போக வர என்று பேசி முடியுங்கள்.

ஓவியத்துக்கு 1, 2, 16, 17. சிற்பத்துக்கு 19, 26. நேரம் குறைந்தால் வேறு எதை விட்டாலும் 17-ஐ விடாதீர்கள். வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஒன்றுமே தெரியாது. பலர் அந்த நிலையிலேயே ஒரு சுற்று சுற்றி வெளியேறிவிடுகிறார்கள். மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள், நிறங்கள் தானாக வெளியே வரும். ஃபிளாஷுக்குத் தடை. உமி, நார் கலந்த மண்பூச்சின் மேல் தீட்டிய ஓவியங்கள் அவை. கூட்டத்தின் மூச்சீரமே அவற்றுக்குக் கேடு, சுவரைத் தொடவே கூடாது.

24-ஐ யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முடிக்காமல் விட்ட குகை. பாதி செதுக்கிய தூண்களையும் உளித் தடங்களையும் பார்த்தால்தான் மற்ற குகைகளை எப்படிக் குடைந்தார்கள் என்பது பிடிபடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, நாட்களை மாற்றிப் போட்டுவிட்டோம். கைலாசநாதரை மேலிருந்து பார்க்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு, பக்கவாட்டில் மலைமேல் பாதை போகிறது. விளிம்பருகே போகாதீர்கள். மண்டபக் கூரைமேல் விரிந்த தாமரையும் அதைச் சுற்றி நான்கு சிங்கங்களும் அங்கிருந்துதான் தெரியும். விமானத்தைப் பார்த்ததும் காஞ்சி கைலாசநாதர் நினைவு வந்தால் தற்செயல் இல்லை. கர்நாடகத்தின் பட்டடக்கல் விருபாட்சர் கோயில் வழியாக வந்த திராவிட வடிவம் அது. 8-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தது. முதலில் மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள். அம்மா முற்றத்திலேயே இருக்கட்டும். அடித்தளத்து யானை வரிசை அங்கேதான்.