பரணில் படுக்கும் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி மணி அடிக்கும் போன் எது?

கேள்வி கேட்டவர்: ராகிக்காட்டு மகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை தாலுகாவில், ஜவளகிரிக் காட்டை ஒட்டிய சின்னக் கிராமம். நான் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன். அப்பா ஊரில் ஒன்றரை ஏக்கர் ராகி வைத்திருக்கிறார். வயது 67.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கிவிடும். ராகி கதிர் முற்றுகிற நேரமும் அதுதான். அறுப்பு முடிகிற வரை அப்பா ராத்திரிக் காவலுக்குப் பரணில் படுப்பார். யானை எந்தப் பக்கம் வருகிறது என்று காட்டோரம் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொள்வார்கள். அந்த போனை நம்பித்தான் கண்ணை மூடுகிறார்கள்.

போன வருஷம் ஒரு ராத்திரி, மேலண்டைக் காட்டுக்காரர் அப்பாவுக்கு ஏழு தடவை அடித்திருக்கிறார். அப்பாவுக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. விடிந்து இறங்கிப் பார்த்தால் பரணுக்கு இருபது அடி தள்ளி ராகி மிதிபட்டுக் கிடக்கிறது. ஈர மண்ணில் பதிந்த தடத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது. சேதி கேட்டு நான் ஓடினேன். அப்பா அந்தத் தடத்துக்குள் தன் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் காட்டினார், அப்பவும் சுற்றி இடம் மிச்சம். அன்றிலிருந்து சீசன் முடிகிற வரை எனக்கு ஓசூரில் தூக்கமே இல்லை.

அப்பா இருபது வருஷம் கல் குவாரியில் மெஷின் ஓட்டியவர். இடது காது நல்ல மந்தம், வலது காது கொஞ்சம் பரவாயில்லை. இப்போது வைத்திருப்பது மூன்று வருஷம் முன்னால் வாங்கிய பட்டன் போன். பனி படக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, தலைமாட்டில் கம்பளிக்கு அடியில் வைப்பார். டச் போன் வாங்கிக் கொடுத்தும் பார்த்தேன். காய்ப்பு ஏறிய கட்டைவிரல், தள்ளினால் அந்தப் பச்சை நகரவே இல்லை. மூன்றாம் நாளே "நீயே வச்சுக்கோம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் பட்டன் போன்தான் வேண்டும். மூவாயிரம் வரை செலவு செய்கிறேன். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் சத்தம் அதிகமான போன் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சிம் ஜியோ.

பதில்: பாலக்கோடு செல் சர்வீஸ்

அக்கா, முதலில் ஒன்று. புது போன் வாங்குவதற்கு முன் பழைய போனைக் கவரிலிருந்து எடுத்து, திருப்பி, பின்பக்கம் இருக்கிற ஸ்பீக்கர் ஓட்டையைப் பாருங்கள். ராகி அடிக்கிற வீட்டிலிருந்து வருகிற போனில் பாதிக்கு மேல் அந்த ஓட்டையில் தூசியும் வேர்வையும் சேர்ந்து களி மாதிரி அடைத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ், நன்றாகக் காய்ந்தது, அதை வைத்து மெதுவாகத் தேயுங்கள். ஊசி விடாதீர்கள். உள்ளே இருக்கிற மெல்லிய தகடு கிழிந்தால் அப்புறம் சத்தம் கரகர என்றுதான் வரும். கவர், ரப்பர் பேண்ட், கம்பளி என்று மூன்று போர்வை போர்த்தி வைத்தால் எந்தக் கம்பெனி போனும் கேட்காது.

ஜியோ சிம் என்பதால் 4ஜி போன்தான் வாங்க வேண்டும். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ எடுக்காது. இதைக் கேட்காமல் வாங்கிப் போய் மறுநாள் திரும்பி வருகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். 2020-இல் வந்த நோக்கியா 5310-இல் முன்பக்கமே இரண்டு ஸ்பீக்கர் உண்டு, ஆனால் அது 2ஜி. அப்பாவுக்கு வேறு கம்பெனி சிம் மாற்றினால்தான் அதைப் பற்றி யோசிக்கலாம்.

பெட்டியில் மெகாபிக்சல் போட்டிருப்பார்கள், பேட்டரி போட்டிருப்பார்கள், மணி எவ்வளவு சத்தம் என்று போட மாட்டார்கள். ஆகவே கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்குள் கேட்காதீர்கள், நான்கு சுவருக்குள் எல்லா போனும் சத்தமாகத்தான் இருக்கும். கடைக்காரரிடம் சொல்லி ரோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பஸ் போகிற இடத்தில் பத்தடி தள்ளி நின்று, ஸ்பீக்கர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மாதிரி பிடித்து அடித்துப் பாருங்கள். முடிந்தால் அப்பாவையே கூட்டிப் போங்கள். உங்கள் காதுக்குச் சத்தமாக இருப்பதும் அவர் காதுக்குச் சத்தமாக இருப்பதும் ஒன்றில்லை.

பதில்: காது பரிசோதகர், தர்மபுரி

மேலே தம்பி கடைசியில் சொன்னதுதான் முக்கியமான விஷயம். வயதானால் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். குவாரி மாதிரி இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் கேட்கும் திறன் பள்ளமாக இறங்கியிருக்கும், பரிசோதனைத் தாளில் கண்ணாலேயே பார்க்கலாம். பட்டன் போன்களில் கூடவே வருகிற "கிக்கிக்கீ" மணிகள் பெரும்பாலும் உயர்ந்த ஒலிதான். பக்கத்தில் இருக்கிற பேத்தி காதைப் பொத்திக்கொள்வாள், தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத் தவில், உறுமி என்று வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. அத்தனை சின்ன ஸ்பீக்கரால் அடிநாதத்தை எழுப்ப முடியாது.

நடு ஒலிதான் வேண்டும், ஏறக்குறைய 500-இலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை. என் அம்மாவுக்கு நாதஸ்வரத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். அடுப்படியில் மிக்சி ஓடும்போதும் எழுந்து வருகிறார்.

தூரத்தையும் கவனியுங்கள். போன் இருக்கிற தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரித்தான் இருக்கும். காதிலிருந்து ஓரடியில் இருந்த போனை நான்கடி தள்ளி வைத்தால் 12 டெசிபல் போய்விடும். அதிகச் செலவில் சத்தமான போன் வாங்குவதைவிட, இருக்கிற போனை வலது காதுப் பக்கம், கிட்டத்தில் வைப்பது பெரிய லாபம். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லுங்கள். வலது பக்கம் சாய்ந்தால் நல்ல காது தலையணையில் அடைபட்டுவிடும்.

ஒருமுறை காதையும் காட்டிவிடுங்கள். வெறும் குறும்பி அடைப்பாகக்கூட ஒரு பங்கு இருக்கலாம், எடுத்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். மிஷின் தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், காதொலிக் கருவி அரசே தருகிறது.

பதில்: அஞ்செட்டி விவசாயி

கண்ணு, நானும் முப்பது வருஷமாகப் பரணில் படுக்கிறவன். படித்தவர்கள் சொல்வதைக் கேள், கூட இதையும் கேள்.

செல்போனில் மணி 30 விநாடிதான் அடிக்கும். 2019-இல் டிராய், அதான் போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற அரசு ஆணையம், போட்ட விதி அது, வீட்டு போனுக்குத்தான் 60 விநாடி. சாமிப் பாட்டு வைத்தேன், முதல் பத்து விநாடி தம்புரா மட்டும் ஓடியது. மீதி இருபது விநாடியில் முழித்து, துழாவி எடுப்பதற்குள் கட்டாகிவிடும். எதை வைத்தாலும் முதல் நொடியே உரக்கத் தொடங்குகிற இடமாக வெட்டி வை.

வைப்ரேஷனும் சேர்த்துப் போடு. போனைக் கம்பளிக்கு அடியில் வைக்காமல் எவர்சில்வர் தட்டில் வைத்தால் தட்டு முழுக்க அதிர்ந்து தடதடவென்று சத்தம் வரும். நான் அதையும் விட்டுவிட்டு இப்போது கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். நெஞ்செலும்பில் அதிர்ந்தால் செவிடனும் எழுந்திருப்பான்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. யானை வருவதற்கு முன்னால் மணி அடித்தால் நல்லது. வந்து பரண் பக்கத்தில் நிற்கும்போது அடித்தால்? இரண்டு வருஷம் முன்னால் எனக்கு நடந்தது. கீழே நின்று கதிர் உருவிக்கொண்டிருக்கிறது, மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, அந்த நேரம் பார்த்து என் மருமகன் "மாமா எப்படி இருக்கீங்க" என்று கேட்கப் போன் போட்டான். யானை தலையைத் தூக்கி என் பக்கம் திரும்பியது. கை நடுங்கி அணைத்தேன். அது போனது என் கொடுப்பினை. சத்தமான போன் கேட்கிறாயே, எந்தப் பட்டனை அமுக்கினால் உடனே அடங்கும் என்பதையும் இருட்டில் தடவிப் பழக்கிக் கொடு.

ராகிக்காட்டு மகள்:

எல்லோருக்கும் நன்றி. அஞ்செட்டி ஐயா சொன்னதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பழைய போனின் ஓட்டையைத் துடைத்தேன், பிரஷில் கறுப்பாக வந்தது. அப்பாவைப் பரணில் இடது பக்கம் சாய்ந்து, கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, மணி கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். வரப்பில் நின்று பத்துத் தடவை அடித்தேன். பழைய மணிக்கு மூன்று தடவைதான் கை தூக்கினார். பிறகு கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போய், கடைக்காரரை ரோட்டுக்கு வரவைத்து, மூன்று போனை அடித்துக் காட்டி அப்பாவையே எடுக்கச் சொன்னேன். நான் நினைத்திருந்த போனை அவர் எடுக்கவில்லை. 4ஜி பட்டன் போன், மெமரி கார்டு போடலாம். அதில் நாதஸ்வரத்தை உரத்த இடத்திலிருந்து வெட்டி வைத்தேன். அதே பரண், அதே வரப்பு, பத்துக்கு ஒன்பது தடவை கை தூக்கினார்.

ஆட்டுக்கயிற்றைப் பிரித்து அவரே கழுத்துக் கயிறு திரித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களோடு ஒரு பேச்சும் வைத்திருக்கிறோம். ஒருவர் எடுத்துப் பேசிவிட்டால், அவராகத் திருப்பிக் கூப்பிடுகிற வரை யாரும் அவருக்கு அடிக்கக்கூடாது. நானும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அப்பாவுக்குப் போன் போடுவதில்லை.

காதுப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். பாலக்கோடு அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். மார்கழிப் பனியில் போன் நனைகிறது, கவர் போட்டால் சத்தம் குறைகிறது. என்ன செய்வது?

பாலக்கோடு செல் சர்வீஸ்:

கவரை ஸ்பீக்கருக்கு நேராக மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக வெட்டிவிடுங்கள் அக்கா. பனிக்கு அது போதும். மழை வந்தால் மட்டும் சட்டைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வைப்ரேஷன் இருக்கிறதே. விடிந்ததும் கவரைக் கழற்றி, வெயில் நேராகப் படாத இடத்தில் காய வைக்கட்டும்.