‘கிங் அண்ட் கன்ட்ரி’ பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

1964இல் ஜோசப் லோசி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நேற்று ராத்திரி பார்த்தேன், தூக்கம் போச்சு. 1917, முதல் உலகப் போர், பெல்ஜியத்தில் பாஸன்டேல் போர்முனைச் சேறு. ஹாம்ப் என்ற சிப்பாய் பீரங்கிச் சத்தம் தாங்காமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கிறான். பிடித்து வந்து ராணுவக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அவனுக்காக வாதாடும் கேப்டனாக டர்க் போகார்ட், ஹாம்ப்பாக டாம் கோர்ட்னி. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கோர்ட்னிக்குத்தான் போனது. சரியான தேர்வு.

வாதமெல்லாம் இருக்கட்டும். டாக்டர் சாட்சி சொல்லும் இடம்தான் என்னை உலுக்கியது. நடுங்கிக்கொண்டு வந்தவனுக்கு அவர் கொடுத்தது பேதி மாத்திரை! கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறார். இன்னொரு பக்கம் சிப்பாய்கள் ஒரு எலியைப் பிடித்து அதற்கும் விசாரணை நடத்துகிறார்கள். தீர்ப்பு என்னவென்று அங்கேயே தெரிந்துவிட்டது.

—

நான் அப்பாவோட பார்த்தேன். அவர் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். முடிவைச் சொல்றேன், பார்க்காதவங்க தாண்டிடுங்க. கருணை காட்டலாம்னு கோர்ட்டே எழுதி அனுப்பியும் மேலிடம் கேட்கல. படைப்பிரிவு திரும்ப முன்னணிக்குப் போகணும், பயம் இருக்கணுமாம். சுட்டும் உயிர் போகல. வாதாடின கேப்டனே துப்பாக்கியோட குனியறார். அதுக்கு முன்னாடியே அப்பா தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டார். படம் முடியற வரைக்கும் சமையலறையில குழாய்ச் சத்தம். ஒரே ஒரு தட்டு!

—

நான் இங்கிலாந்தில இருக்கிறன். ஸ்டாஃபர்ட்ஷயர் அல்ரூவாஸில அப்பிடிச் சுடப்பட்ட ஆக்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கு. போன வருசம் பிள்ளையளோட போனனான். முந்நூறுக்கும் மேல மரக்கம்பங்கள், ஒவ்வொண்டிலயும் பேர். முன்னால கண் கட்டி, கை பின்னால கட்டின பெடியன்ர சிலை. வயசைக் கூட்டிச் சொல்லிப் படையில சேர்ந்த ஹெர்பர்ட் பர்டனை நினைச்சுச் செய்தது. 1915இல சுடேக்க அவனுக்கு 17. இப்பிடிச் சுடப்பட்ட ஆக்களுக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் குடுத்தது 2006இல. சிலையின்ர நெஞ்சில ஒரு வட்டத் தகடு இருக்கு. என்ர சின்னவன் மெடல் எண்டு நினைச்சிட்டான். குறி பாக்கிறதுக்கு எண்டு நான் சொல்லேல்லை.

—

லண்டன்ல இருந்து எவ்வளவு தூரம் அண்ணா? அடுத்த மாசம் வர்றேன்.

—

கார்ல ரெண்டரை மணித்தியாலம் வரும் தம்பி. மழை பெஞ்சா சப்பாத்தெல்லாம் சேறு, பழசைப் போட்டுக்கொண்டு வாங்கோ.