ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுவதற்குச் சிகிச்சை உண்டா?

கேள்வி: தஞ்சை வாசகர்

வணக்கம். எனக்கு வயது 36. அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை நோய் உண்டு. எனக்கும் அது தொடங்கியிருப்பதாகச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ஓராண்டுக்கும் மேலாக மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. லேபில் ரப்பர் பட்டையைக் கையில் கட்டும்போதே நெஞ்சு படபடக்கிறது. ஊசி ஏறியதும் காது அடைத்து, கண் இருட்டி, உடம்பெல்லாம் வியர்த்துச் சரிந்துவிடுகிறேன். பள்ளியில் தடுப்பூசி போட்ட காலத்திலிருந்தே இப்படித்தான். அப்பாவுக்கும் இதே தொல்லை உண்டு என்பது அண்மையில்தான் தெரியவந்தது. அவர் யாரிடமும் சொன்னதில்லை. மூச்சை மெல்ல இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்திக்கொள்ளும்படி நண்பர் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் மயக்கம் இன்னும் விரைவாக வருகிறது. இது நோயா, வெறும் கோழைத்தனமா? மாத்திரையால் தீருமா?

பதில்: ஓய்வுபெற்ற மருத்துவ உளவியலர்

கோழைத்தனம் இல்லை, ஐயா. நீங்கள் விவரிப்பது ரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைப் பற்றிய குறிப்பிட்ட ஃபோபியா, அதாவது மிகையான அச்சம். பதற்றக் கோளாறுகளில் இது ஒரு வகை. ஓர் அச்சம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, உண்மையான ஆபத்துக்குப் பொருந்தாத அளவில் இருந்து, செய்யவேண்டிய காரியத்தைத் தடுக்குமானால் அதைக் கோளாறு என்று கொள்கிறோம். பரிசோதனையையே ஓராண்டாகத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள் என்பதால் உங்கள் நிலை அந்த வரையறைக்குள் வருவதாகவே தோன்றுகிறது. அப்பாவுக்கும் இருப்பதில் வியப்பில்லை. மற்ற ஃபோபியாக்களைவிட இது குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுவது அதிகம், பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கிவிடும்.

உங்கள் நண்பரின் அறிவுரை ஏன் எதிர்மாறாக வேலை செய்தது என்பதுதான் இதில் முக்கியம். பாம்பையோ உயரத்தையோ கண்டு அஞ்சுபவருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, அச்சம் தணியும்வரை ஏறியே இருக்கும். ஆகவே அவர் மயங்கி விழுவது மிக அரிது. ரத்த ஃபோபியாவில் மட்டும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் துடிப்பும் அழுத்தமும் ஏறும். அடுத்து, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு சட்டென்று குறையும், ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் சரிந்து மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் அழுத்தத்தோடு உடம்பையும் தளர்த்தினால் மயக்கம் விரைந்து வருவது இயல்பே.

ஸ்வீடன் நாட்டு உளவியலர் லார்ஸ்-கோரன் ஊஸ்ட் தம் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1987-இல் வெளியிட்ட முறை இதற்கென்றே உருவானது. தளர்த்துவதற்குப் பதிலாகத் தசைகளை இறுக்குவதே அதன் அடிப்படை. நாற்காலியில் அமர்ந்து கை, கால், வயிறு, மார்புத் தசைகளை 10 முதல் 15 விநாடி வரை, முகத்தில் சூடு பரவுவதை உணரும்வரை இறுக்குங்கள். பிறகு முழுவதும் தளர்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு மட்டும் திரும்பி, 20 முதல் 30 விநாடி பொறுத்து மீண்டும் இறுக்குங்கள். இப்படி ஐந்து முறை. வீட்டில் நாள்தோறும் பழகிய பிறகே லேபுக்குப் போகவேண்டும். அங்கே ஊசி குத்தும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு மற்ற பகுதிகளை இறுக்கலாம். காது அடைப்பதும் கண் மங்குவதும் தொடங்கும் கணத்திலேயே இறுக்கத் தொடங்குவதுதான் திறமை. அதைக் கண்டுகொள்ளப் பழக்கம் வேண்டும். ரத்தக் கொதிப்போ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம்.

இத்துடன் அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்வதும் தேவை. ஊசியின் படத்தைப் பார்ப்பது, ரத்தம் எடுக்கும் காணொளியைப் பார்ப்பது, மூடியிட்ட ஊசியைக் கையில் வைத்திருப்பது, லேபில் ரத்தம் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்து வருவது என எளியதிலிருந்து கடினமானது வரை நீங்களே ஒரு வரிசை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தணியும்வரை நில்லுங்கள். நடுவில் எழுந்து ஓடினால் கிடைக்கும் நிம்மதியே அடுத்த முறைக்கான அச்சத்தை வளர்த்துவிடுகிறது. இழுப்பறைக்குள் கிடக்கும் சீட்டும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

பதில்: பீதிக் கோளாறிலிருந்து மீண்ட வாசகி

மேலே உள்ளதைப் படிக்கும் மற்றவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு இருந்தது பீதிக் கோளாறு. பேருந்தில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை மரத்துப்போகும், மயங்கி விழப்போகிறேன் என்று உறுதியாகத் தோன்றும். ஆனால் ஒருமுறைகூட விழுந்ததில்லை. அந்த நேரத்தில் அழுத்தம் குறைவதில்லை என்றும், மயக்கம் போன்ற உணர்வு வேகமாக மூச்சு வாங்குவதால் வருவது என்றும் என் உளவியலர் விளக்கினார். நெஞ்சுத் துடிப்பை மாரடைப்பு என்று தவறாகப் பொருள்கொள்வதும், அந்த எண்ணமே துடிப்பை மேலும் கூட்டுவதும்தான் இந்தச் சுழல் என்று 1986-இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலர் விளக்கியிருக்கிறார். எனக்கு அளித்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அந்தப் பொருள்கொள்ளலைத்தான் குறிவைத்தது: வேண்டுமென்றே மாடிப்படி ஏறி இறங்கி நெஞ்சைத் துடிக்கவைத்து, எதுவும் நேரவில்லை என்பதை நானே பார்க்கும்படி செய்தார்கள். எனவே ஒருவருக்குப் பொருந்திய பயிற்சியை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதில்: மனநல மருத்துவர், அரசுப் பணி

மாத்திரை பற்றிய கேள்விக்கு வருகிறேன். குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு மட்டும் அஞ்சும் ஃபோபியாவில் மருந்தின் பங்கு குறைவு. பயிற்சியே முதன்மைச் சிகிச்சை. அல்பிரசோலம் போன்றவை அந்த நேரத்துப் பதற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாத்திரையின் துணையோடு ஊசியைக் கடந்தவர், மாத்திரையால்தான் தப்பினோம் என்று நினைத்துக்கொள்கிறார். தொடர்ந்து எடுத்தால் அந்த மருந்து பழக்க அடிமைத்தனத்தையும் உண்டாக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பீதிக் கோளாறு, சமூக அச்சம், எல்லாவற்றுக்கும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறு ஆகியவற்றில் நிலைமை வேறு. அவற்றுக்கு செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் நன்றாகப் பயன்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் படபடப்பு சற்றுக் கூடவும் கூடும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர்ந்து, மெல்லக் குறைத்தே நிறுத்தவேண்டும்.

ஊசி, ரத்தம் எதுவும் இல்லாதபோதும் மயக்கம் வந்தால், குறிப்பாக உடல் உழைப்பின்போது வந்தால், அதை ஃபோபியா என்று ஒதுக்காமல் இதயத்தைப் பரிசோதிக்கவேண்டும். காரணம் தெரியாத படபடப்புக்குத் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பார்ப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தனியாரிடம் போவதானால், மருத்துவ உளவியலர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தஞ்சை வாசகர்

மூவருக்கும் நன்றி. தசைப் பயிற்சியை இன்றே தொடங்குகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பு இல்லை. ஒன்று மட்டும் கேட்கவேண்டும். எச்பிஏ1சியுடன் வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். சாப்பிடாமல் போவதால் மயக்கம் கூடுமா? லேபில் என்ன சொல்லவேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற மருத்துவ உளவியலர்

வெறும் வயிறு என்றாலும் வெறும் தண்ணீர் குடிக்கலாம். போவதற்கு முன் இரண்டு டம்ளர் குடியுங்கள். அது மயக்க வாய்ப்பைக் குறைக்க உதவும். தேநீர், காபி கூடாது. காலையில் முதல் ஆளாகப் போனால் காத்திருக்கும் நேரம் குறையும். "எனக்கு மயக்கம் வரும், படுத்த நிலையில் எடுங்கள்" என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள். லேபில் இருப்பவர்களுக்கு இது புதிய கோரிக்கை இல்லை. எடுத்து முடித்ததும் உடனே எழாமல், சில நிமிடங்கள் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. எனவே முதல் முறை அதை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு, மற்றதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் கேட்டுப்பாருங்கள்.